குடைக்கம்பித் துப்பாக்கி

யுத்தம் முடிந்து அண்ணன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் அவனைப் போலவே ஒரு மண் சிப்பாய் செய்து வைப்பதாக, எங்கள் ஊர் அய்யனாரிடம் ஆத்தா நேர்ந்திருந்தாள். மற்றவர்கள் குதிரை நேர்வார்கள், காளை நேர்வார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் மண்ணில் பிள்ளை நேர்வார்கள். என்னைப் பெற்றவள் மட்டும் சட்டைப் பொத்தான் உட்பட நேர்ந்தாள். "எம் மகன் பட்டாளத்துல எப்படி நின்னானோ அப்படியே செஞ்சு வைக்கிறேன், கூடாம கொறையாம" என்று சாமி முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னது அவள், மாட்டிக்கொண்டது நான்.

அண்ணன் கறுத்து இளைத்து, ஆனால் கை கால் முழுசாக வந்து சேர்ந்தான். நேர்ந்த மண் உருவங்களைச் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைக்கிற புரவியெடுப்பும் நெருங்கியது. எங்கள் பக்கத்துக்கு மண் உருவம் செய்கிற வேளார் திருவரங்குளத்துக்காரர். அவர் செய்திருந்த சிப்பாயைப் போய்ப் பார்த்தேன். ஒரு முழ உயரம். முட்டைக்கண் முழி, காதைத் தொடும் மீசை.

"இது யாரு வேளாரே? எங்க அண்ணன் மாதிரியே இல்லையே."

"மீசை இல்லாத காவக்காரன நான் செஞ்சதே இல்ல தாயி."

"காவக்காரன் இல்லங்க, சமஸ்தானத்துலேருந்து பட்டாளத்துக்குப் போன ஆளு. அங்க செரைச்சு விட்டுருவாங்க."

வேளார் பெருமூச்சு விட்டுக்கொண்டு பச்சை மண்ணிலேயே மீசையை வழித்தெடுத்தார். துப்பாக்கி செருகுவதற்கு வலது கை முட்டியில் ஒரு துளையும் போடச் சொன்னேன். மற்றதையெல்லாம் நானே செய்துகொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேளார் வீட்டைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது என்று வைத்திருந்ததால் கைக்கு வேலை கிடைத்ததே பெரிதாக இருந்தது.

பார்த்துச் செய்ய ஒரு போட்டோ இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அண்ணன் அனுப்பியது. காக்கிச் சட்டை, சாய்த்து வைத்த தொப்பி, முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டி, கையில் துப்பாக்கி. ஆத்தா அதைச் சாமி படங்களோடு மாட்டி, கண்ணாடி மேல் தினமும் விபூதி பூசிப் பூசி அண்ணன் முகத்தையே காணாமல் செய்திருந்தாள். துப்பாக்கி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

சுட்ட சிப்பாய் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் உட்கார்ந்தேன். மஞ்சள் காவியில் கொஞ்சம் கரியைக் குழைத்துக் காக்கி நிறம் கொண்டுவந்தேன். பொத்தானுக்கு மஞ்சள் தடவிய கேழ்வரகு, ஒவ்வொன்றாக வேலம்பிசினில் ஒட்டியது. காலுக்கு, கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டிக் கிழிசல். அறுந்த செருப்பு வார் இடுப்புக்கு ஆயிற்று. புளியங்கொட்டையைத் துணியில் பொதிந்து தோளில் மாட்டினால் அசல் தண்ணீர்ப் புட்டி.

துப்பாக்கிக்குத்தான் பெரும்பாடு. கிழிந்த குடை ஒன்றைப் பிரித்துக் கம்பியை எடுத்தேன். மூங்கில் சிம்பைச் சீவிக் கட்டையாக்கி, அதில் கம்பியைப் பதித்து, கறுப்பு நூலால் வார் கட்டினேன். விரலில் பட்ட கீறலைச் சொல்லி மாளாது. பார்க்க வந்த மாமா ஒருவர், "சுடுமா?" என்று கேட்டார். "கொஞ்சம் எதுக்க நில்லுங்க மாமா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வந்ததிலிருந்தே அப்படித்தான். எத்தனை பேரைச் சுட்டாய் என்று ஊரார் கேட்டால் எழுந்து போய்விடுவான். நேரே அடுப்பங்கரைக்கு வந்து, கொதிக்கிற உலைக்குக் கீழே விறகைத் தள்ளி வைப்பான். பட்டாளத்துக்குப் போவதற்கு முன் குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காதவன். "பட்டாளத்துக்காரனுக்கு இங்க என்ன வேலை, அங்கிட்டுப் போடா" என்று ஆத்தா விரட்டுவாள்.

புரவியெடுப்புக்கு முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தத் துப்பாக்கிய எடுத்துரு புள்ள."

"ஏண்ணே, சரியா வரலையா?"

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அது என்னுது இல்ல. போட்டோவுக்காக ஒருத்தங்கிட்ட கேட்டு வாங்கிப் பிடிச்சேன். நான் அங்க சமையக்காரன்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "குடையப் பிரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்லுவேன்? ஆத்தா ஊர் பூராவும் பெருமையாச் சொல்லி வச்சிருக்கு. எல்லாரும் சிரிச்சா அது தாங்குமா? ஆனா அய்யனாருக்கு முன்னாடி பொய்யச் சொமந்துட்டுப் போக என்னால ஆகாது."

கூடாமல் குறையாமல் என்று நேர்ந்தது. துப்பாக்கி இருந்தால் நேர்த்திக்கடன் பொய், இல்லாவிட்டால் ஆத்தாவுக்கு அவமானம். காலையில் வேளார் சிப்பாய்க்குக் கண்மணி எழுதிக் கண் திறந்துவிட்டால் அப்புறம் யாரும் உருவத்தில் கை வைக்கக்கூடாது.

துப்பாக்கியைப் பிடுங்கி எடுத்தேன். அதே குடைக்கம்பியின் நுனியில் தகரத் துண்டைக் குழித்துக் கட்டிக் கரண்டியாக்கினேன். "இன்னும் நீளம் வேணும், அண்டா ஆழம் ஒனக்குத் தெரியாது" என்றான். இடுப்பில் ஒரு துண்டும் கட்டச் சொன்னான். நனைந்த விறகை ஊதி ஊதிக் கண் வீங்கியதையும், பருப்பில் கல் கிடந்ததற்குத் திட்டு வாங்கியதையும், மழையில் நின்றபடியே தட்டை நீட்டியவர்களையும் அப்போதுதான் வாய் ஓயாமல் சொன்னான். எனக்குக் கோபம் போய்விட்டது.

மறுநாள் வேளார் வீட்டுத் திடலில் குதிரைகளுக்கும் காளைகளுக்கும் நடுவில் எங்கள் சிப்பாய் கரண்டியோடு நின்றான். ஆத்தா மாலையோடு வந்தாள். பார்த்தாள்.

"துப்பாக்கி எங்கடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தான். "நான் துப்பாக்கி தூக்கல ஆத்தா. பட்டாளத்துல சமையக்காரனா இருந்தேன்."

திடல் முழுக்கக் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆத்தா அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப நீ சண்டைக்கு முன்னாடி போய் நிக்கவே இல்லையா?"

"இல்ல ஆத்தா."

"அடுப்புக்கிட்டதான் இருந்தியா?"

"ஆமா."

கையிலிருந்த மாலையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பூ சிதறியது. "பாவி, இத அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தன வருசமும் நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனேடா!" என்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு வேளார் பக்கம் திரும்பி, "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க, கண்ணத் தொறங்க" என்றாள்.

அண்ணன் சிப்பாயைத் தலையில் தூக்கிக்கொண்டான். வழி நெடுக ஆத்தா எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தித் தன் மகன் பட்டாளத்துக்கே சோறு போட்டவன் என்றாள். கோயில் போய்ச் சேர்வதற்குள், பட்டாளம் முழுவதையும் அவன் ஒருவனே பசியாற்றியதாக ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கூடத்தில் முந்தானையை விரித்துப் படுத்ததும் தூங்கிப்போனாள். பொழுது சாயும் வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. அடுப்பை அண்ணன் பார்த்துக்கொண்டான்.