கோழிக் கூண்டில் பேஸ்பால்

அந்தச் சனிக்கிழமை மாலை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, ஒன்பது வயது நான். பின்பக்கக் கூண்டுக்குள் நான்கு பேஸ்பால் ஆட்டக்காரர்கள். இல்லாதவர்கள் இருவர். அண்ணன் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலையில் இருந்தான். எங்கள் வீட்டு விஷயம் எதையும் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்துவிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை மாக்சிக், அன்று பார்த்து மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

கூண்டு பேஸ்பாலுக்காகக் கட்டியதல்ல. தொழிற்சாலை பஸ் ஓட்டிய அப்பா, இரும்புக் குழாய்களை நட்டு, மீனவர்களிடம் வாங்கிய பழைய வலையைச் சுற்றிலும் கட்டி, கோழி வளர்த்தார். இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு நீளம். ஏதோ நோய் வந்து கோழிகள் அத்தனையும் செத்தன. மிச்சமிருந்த தீவன மூட்டைகளை வாங்க வந்த சீன இளைஞர் காலிக் கூண்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். அவர் ஒரு பேஸ்பால் அணியின் கேப்டனாம். இதற்குள் நின்று அடித்தால் பந்தைத் தேடிச் செம்பனைக் காட்டுக்குள் ஓட வேண்டாமாம். ஒரு மணி நேரத்துக்கு இருபது வெள்ளி வாடகை என்று பேசி முடித்தார்கள்.

“கோழிக்கு நாம தீனி போட்டோம், இதுங்க நமக்கில்ல போடுதுங்க!” என்று அம்மா சிரித்தார்.

பஸ்ஸை எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். அதேபோல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டக்காரர்கள் வருமுன் வலை முழுவதையும் கையால் தடவிப் பார்ப்பார்.

சமையலறைப் பக்கத்து வலையோரம் அம்மா பாகற்கொடி நட்டிருந்தார். அது வலையை மூடிப் படர்ந்து, காய்கள் பாதிக்கு மேல் கூண்டுக்குள் தொங்கின. சுற்றிப் போய் உள்ளே நுழைய அம்மாவுக்குப் பொறுமையில்லை. காய் நறுக்கும் கத்தியால் இலைகளுக்குப் பின்னால் வலையை அறுத்தார். கூடையைப் பிடித்திருந்தவன் நான்.

“அப்பா ஏசுவாரும்மா.”

“ஒரு கை போற ஓட்டதான்டா. பந்து என்ன பாம்பா, தேடி வந்து நுழையறதுக்கு?”

மறுவாரம் ஓட்டை கட்டப்பட்டிருந்தது. அம்மா மறுபடி அறுத்தார். மறுபடி கட்டப்பட்டது, மறுபடி அறுத்தார். அதன்பின் ஓட்டை கட்டப்படாமல் அப்படியே கிடந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டுபோலத் தெரிந்தது. காய்களை எங்கள் கிராமக் கம்பத்து வீடுகளில் விற்று, அம்மா காசை ஒரு பால்டின்னில் போட்டு வந்தார். அப்பாவிடம் கேட்டு வாங்காமல் அவர் கையில் தங்கிய முதல் காசு அது. எனக்கு அது ஐஸ்கிரீம் காசு, அவ்வளவுதான்.

ரம்புத்தான் மர நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் அப்பா, அந்த மாதம் நாற்காலியைக் கொடியோரம் வெயிலில் கொண்டுவந்து போட்டார்.

“ஐயோ அலமாக், வெயில்ல ஏம்பா உக்காந்திருக்கீங்க?”

“இங்கேருந்துதான்டா நல்லா தெரியுது.”

அந்தச் சனிக்கிழமை மட்டை டங்கென்று ஒலித்தது. ஓட்டையை மறைத்திருந்த இலைகள் கிழிந்தன. அடுத்து, ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல் ஒரு சத்தம். அப்பா நாற்காலியோடு சாய்ந்தார். முகத்தைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் வந்தது. அடித்தவர் தூக்கிய மட்டையை இறக்க மறந்து நின்றார். சமையலறை வாசலில் குந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, கத்தியும் கையுமாக எழுந்தவர், அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். என் காலடிக்கு உருண்டு வந்த வெள்ளைப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சிவப்புத் தையல் எது, ரத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேப்டனின் வேனில் மருத்துவமனைக்குப் போனோம். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்ட அவரிடம், கட்டுப்போட்ட முகத்தோடு அப்பா மலாயில் சொன்னார், முடிச்சைச் சரியாகப் போடாதது தன் தப்பு என்று. ரத்தத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது. அப்பாவின் முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்கிறாரே என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணியினர் கொண்டுவந்த பணத்தையும் அப்பா வாங்கவில்லை.

இடக்கண்ணில் நிழல் மட்டும் மிஞ்சியது. பஸ் லைசன்ஸ் போயிற்று. அதே தொழிற்சாலையின் கேட்டில் காவலாளியாக நின்று, மற்றவர்கள் ஓட்டும் பஸ்களுக்குக் கதவு திறந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் மேற்படிப்புக்குப் போனவன் நான். பாலிடெக்னிக்கில் வரைபடம் போடப் பழகிய நாட்களில் ஒருமுறை எங்கள் பின்பக்கத்தை அளவோடு வரைந்து பார்த்தேன். அடிப்பவர் நின்ற இடத்திலிருந்து அந்த ஓட்டை வழியாக ஒரு நேர்க்கோடு இழுத்தேன். கோடு போய் முடிந்த இடம், அம்மா குந்தி வெங்காயம் நறுக்கும் வாசல். நடுவில் அப்பாவின் நாற்காலி. அங்கிருந்து பாகல் இலைகளைத் தவிர எதுவுமே தெரியாது என்பது ஒன்பது வயதில் எனக்கு உறைக்கவில்லை.

கூண்டு வாடகையாக வந்தது நானூற்று எண்பது வெள்ளி. பாகற்காயில் வந்தது முப்பத்தாறு. அப்பாவின் கண் வைத்தியத்துக்குப் போனது ஒன்பதாயிரத்து இருநூறு வெள்ளி.