அந்த வரியின் கீழே ஒரு கைநாட்டு

இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் வார்டின் நர்ஸுகள் ஆறு பேர் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஒரு சின்ன அறையில் வட்டமாக உட்காருகிறோம். நடுவில் மேசை கிடையாது. ஒரு தட்டில் பிஸ்கட், ஒரு ஸ்டூலின் மேல் டேப் ரெக்கார்டர். அந்த வாரம் எந்த நோயாளி மனதில் கனத்தார், எங்கே தடுமாறினோம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்க வேண்டும். இதற்குப் பெயர் குரூப் சூப்பர்விஷன். மனநல மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இது உதவுகிறதா என்று ஹெலன் என்ற பெண் ஆராய்ச்சி செய்கிறார். பேசுவதையெல்லாம் பதிவு செய்து தட்டச்சு செய்து வைக்கிறார். இங்கிலாந்துக்கு வந்த இரண்டு வருடத்தில் குளிருக்குப் பழகிவிட்டேன். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பழகவில்லை.

முதல் நாள் என் முறை வந்ததும் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என் பக்கம் எந்தத் தவறும் நடக்கவில்லை, மேடம்" என்றேன். சிரித்தார்கள், அன்பாகத்தான். குழுவை நடத்தும் மூத்த நர்ஸ் மார்கரெட், எங்கள் ஊர்ப் பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, விருப்பம் வரும்போது பேசினால் போதும் என்றார். எனக்குக் கூச்சமே கிடையாது. ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் சூப்பர்வைசர் என்றால் தப்பைக் கண்டுபிடித்து ஆளை வெளியே அனுப்புகிறவர். அதே ஊரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலும் தலைமை நர்ஸின் முன்னால் அப்படித்தான் நிற்போம். தப்பு என்று ஒன்று நடந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இல்லாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அந்த மருத்துவமனைக்குப் போனேன். இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள். என்னைச் சேர்த்த அன்று அம்மா கைநாட்டு வைத்தார். இனி எங்கள் வீட்டில் கைநாட்டு கிடையாது என்ற திமிர் எனக்கு அன்றே வந்துவிட்டது. பெண்கள் வார்டில் என்னோடு இருந்த ஆயா பேச்சியம்மாள், தேவதானத்துக்காரர். மற்றவர்கள் முன்னால் சிஸ்டர் என்பார், தனியாக இருந்தால் ஏட்டிதான். "பெரிய படிப்பு படிச்சவளே, எம்பேரை எழுதிக் காட்டுட்டி" என்பார். மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டுவேன். "பேரு எம்புட்டு நீளம். ஆளுதான் குட்டை" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சிரிப்பார்.

சேத்தூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள். குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள். மனநோய் பார்க்க அங்கே டாக்டர் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அவளுடைய அம்மா, மதுரைக்குக் கொண்டுபோக மகனைக் கூட்டி வந்துவிடுவதாகவும் அதுவரை பார்த்துக்கொள்ளும்படியும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பேச்சியக்காவை வார்டு வாசலில் உட்கார வைத்தேன். ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது, கொதிக்க வைத்த சிரிஞ்சுகளைக் கீழேயிருந்து எடுத்து வர வேறு ஆளில்லை. அவரையே அனுப்பினேன். "அப்ப அந்தப் புள்ளய யாரு பாப்பா?" என்று கேட்டார். நான் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. மறுநாள் கண்மாயில் அவள் உடல் கிடைத்தது.

ரிப்போர்ட் நோட்டில் நான்தான் எழுதினேன். வாசலில் அமர்த்தப்பட்ட ஆயா அந்த நேரத்தில் இடத்தில் இல்லை என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவரை அனுப்பியது நான் என்பது மட்டும் இல்லை.

"என்ன எழுதிருக்க?" என்றார் பேச்சியக்கா, கைநாட்டுக்காக நோட்டை நீட்டியபோது.

"நடந்ததத்தான்க்கா."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மையில் விரலைத் தொட்டு வைத்தார். அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு நல்ல சான்றிதழ் கிடைத்தது. அதைக் காட்டித்தான் இங்கே வந்தேன்.

போன மாதம் குழுவில் இளம் நர்ஸ் ஒருத்தி அழுதாள். அவள் டீ குடிக்கப் போயிருந்தபோது ஒரு நோயாளி வெளியே நடந்து போய்விட்டார். ரயில் நிலையத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். யார் தப்பு என்று அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ் ஏன் என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்படியும் ஓர் அறை உலகத்தில் இருக்கிறதென்றால் பேச்சியக்காவுக்கு ஏன் இல்லாமல் போனது? எழுந்து நின்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மார்கரெட், நான் அன்று சின்னப் பெண், வார்டில் ஆள் போதவில்லை, என்னை நானே தண்டிக்க வேண்டாம் என்றார். நன்றி சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மார்கரெட் இல்லை.

நேற்று ஹெலன் தட்டச்சுத் தாளைக் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆராய்ச்சியில் யாரையும் அடையாளம் காட்டக் கூடாது. அதனால் ராஜபாளையம் 'ஆசியாவில் ஓர் ஊர்' ஆகியிருந்தது, பேச்சியம்மாள் 'ஓர் உதவியாளர்' ஆகியிருந்தார். நல்ல விதிதான். ஆனாலும் இரண்டாவது முறையாக, ஒரு பொய்கூட இல்லாத தாளில் அவர் காணாமல் போயிருந்தார். ஓரத்தில் தமிழில் அவர் பெயரை முழுசாக எழுதினேன். அது அச்சில் நிற்காது என்று ஹெலன் வருத்தத்தோடு சொன்னார். தெரியும் என்றேன்.

தேவதானத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், குட்டையான உருவம், சத்தமான சிரிப்பு, அவரைத் தேடிப்பிடித்து இதை வாசித்துக் காட்டுங்கள். அன்று நான் வாசித்துக் காட்டவில்லை. எதன் கீழே விரல் வைத்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஊரில் ஒரு பழைய நோட்டில் என் எழுத்துக்குக் கீழே அவர் விரல் இருக்கிறது. இங்கே என் மேசையில் அவர் பெயருள்ள தாள் கிடக்கிறது. அதன் அடியில் என் கையெழுத்துக்காகப் போட்ட கோடு இன்னும் காலியாக இருக்கிறது.