தொட்டியில் விழுந்த ஓட்டை

நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஏர் கன் பித்து பிடித்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் மொட்டைமாடியில் காலி டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினேன். ஒருநாள் குறி தப்பி, பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தது. பயத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா பிளம்பரைத் திட்டிக்கொண்டிருந்தார். "புதுத் தொட்டில இன்னாய்யா ஓட்டை?" பிளம்பர் தலைகுனிந்து நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவரு மேல தப்பு இல்லீங்க. நான்தான் சுட்டுட்டேன்."

அக்கா முறைத்தார். பிறகு, "அந்தத் துப்பாக்கிய எடுத்துக்கினு வா, பாக்கலாம்" என்றார்.

இந்த முறை குண்டு தப்பிப் போகாதபடி மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் முன்னால் டப்பாவை வைத்தேன். அக்கா முதல் குண்டிலேயே அதைச் சாய்த்துவிட்டார். பிளம்பர்தான் முதலில் கைதட்டினார்.

இப்போது ஞாயிறுதோறும் நாங்கள் மூவரும் சேர்ந்து சுடுகிறோம். அன்று வாய் திறந்தது எவ்வளவு நல்லது என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.