ஒரே உயரத்தில் இரண்டு எழுத்துகள்

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வயது பத்து. நாகர்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் சின்ன எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் எழுதப் பழகியிருந்தேன். யாருடைய பெயரை எழுதினாலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தமிழில் இல்லாத மரியாதை அல்லவா! அப்பா, அம்மா, கடைசியில் எங்கள் பசு வரைக்கும் ஒரு பெயரையும் விடாமல் மதிலில் கரியால் எழுதி, அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

சீர்ச் சாமான்களோடு வைக்க அக்கா இரண்டு தலையணை உறைகள் தைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தக்கலையில் சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா, இங்கிலீஷ் வாசிப்பவர். ஆகவே ஒன்றில் அவர் பெயரும் மற்றதில் அக்கா பெயரும் இங்கிலீஷில் இருக்கட்டும் என்று யோசனை சொன்னவள் நான். நான் பென்சிலால் எழுதிக் கொடுக்க, அவள் அதன்மேல் சிவப்பு நூலால் தைத்தாள். சுசீந்திரத்தில் எங்கள் தெருவிலேயே முதல் இங்கிலீஷ் தலையணை! பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூவுவேன். அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாத அக்கா, தலையைக் குனிந்தபடி ஊசியை இழுப்பாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள், அவள் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அளவு பார்க்கத் தெரிந்தவள். எது யார் பெயர் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முதல் எழுத்துகளை விரலால் அளந்தாள். இரண்டும் ஒரே உயரம்.

"பொண்ணும் மாப்பிளையும் ஒரே பொக்கமா? இவ பேரைப் பிரிச்சிட்டுச் சின்னதாப் போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது தப்பு, டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிடுவார் என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஒரு நூலுக்காகவா சண்டை, மூத்தவள் சொல்கிறபடி செய்து தொலையுங்கள் என்று அப்பா பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அத்தையே கத்தரிக்கோலை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா அதை வாங்கிக் கீழே வைத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"சின்னதாப் போட்டா தப்பாம் அத்தே. அங்க அவ்வோ வாசிச்சிப் பாத்தா, நம்ம வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணு சிரிப்பாவ."

அத்தைக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் சம்பந்தி வீட்டார் சிரித்துவிடுவார்களோ என்பதுதான். உறையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயங்காலம் சீர்த் தட்டில் அவளே அதை எல்லாவற்றுக்கும் மேலாக எடுத்து வைத்தாள்.

ஜெயித்துவிட்டேன்! என் டீச்சரின் சட்டத்துக்கு அத்தையே அடங்கிவிட்டாள் என்று வீடு முழுக்கக் குதித்தேன்.

மறுநாள் காலையில், பட்டுச் சேலையும் பூவுமாக உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, பெரிய எழுத்து பொம்பளையளுக்கும் உண்டுண்ணு நெசமாத்தான் சொன்னாங்களா?"

உண்டு என்றேன்.

"தக்கலையிலயும் அப்படித்தானா?"

எல்லா ஊரிலும் அப்படித்தான் என்றேன். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். ஒருத்திக்கு எத்தனை தடவைதான் சொல்வது! வாசலில் மேளக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கையை உதறிவிட்டு ஓடினேன். அவள் எழுத்தைப் பற்றித்தான் கேட்டாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.