மிஷின் எண்ணெயும் அப்பாவின் குரலும்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபோது என்னோடு ஒரு டேப் ரிக்கார்டரும் வந்தது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே தூக்கிக்கொள்ளக் கைப்பிடி. சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா அப்பாவுக்குக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அதை அப்பாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. தூசி தட்டுவதுகூட அவர்தான். அதைச் சீர்ச் சாமான்களோடு அவரே தூக்கி வைத்தபோது, போட்ட நகையைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. வாசல் கதவு, கிணற்று உருளை, பக்கத்து வீட்டு சைக்கிள், ஒன்றும் தப்பாது. மார்கழி கடைசியில் கேசட் ஓடும்போது லேசாகக் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மனிதர் கேசட் போடும் கதவைத் திறந்து, நீள மூக்கு எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்திருந்தார்.

"மிஷின்னா எண்ணெய் கேக்கும்லா," என்றார் பெருமையாக.

கீச் சத்தம் நின்றது வாஸ்தவம். பாட்டும் முக்கால்வாசி நின்றுவிட்டது. பாடகி ஆணாகி, அந்த ஆணும் எருமையாகி, ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டேனா என்பதே தெரியாது.

கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தலைப்பொங்கல். பொங்கப்படிச் சீர் எடுத்துக்கொண்டு அப்பா வரப்போகிறார். வந்ததும் முதல் கேள்வி என்னைப் பற்றி இருக்கும், இரண்டாவது டேப்பைப் பற்றித்தான் இருக்கும். நம்பிக் கொடுத்த பொருளை இந்தப் பாடு படுத்தியவர், பெண்ணை என்ன பாடு படுத்துவாரோ என்று நினைத்துவிட்டால்? என் வீட்டுக்காரருக்கும் அதே கவலை. முகம் வாடிப்போய், "மாமா வாரதுக்குள்ள சரி பண்ணிருதேன். கடைக்கிக் கொண்டுபோனா ஊரே சிரிக்கும்," என்றார்.

எண்ணெயைக் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும் என்றார். புதுக் கட்டை போட்டோம், அதே இழுவை. கேசட் கெட்டிருக்கும் என்றார். வேறு கேசட்டிலும் அதே எருமை. ரேடியோவைப் போட்டால் கணீரென்று பாடியது.

"அப்பம் ஓடுத எடத்துலதான் கோளாறு," என்று பின்மூடியைக் கழற்றினார். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற மெல்லிய ரப்பர் பெல்ட் எண்ணெயில் குளித்து, சுற்றாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மில்லுல பெல்ட்டுல ஒரு சொட்டு பட்டாலும் அடுத்தவன நானே ஏசுவேன். இது உள்ளயும் பெல்ட் இருக்கும்னு யாரு கண்டா!" எனக்குச் சிரிப்பு வந்து, கோபம் பாதி போய்விட்டது.

மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். ஊரைச் சுற்றி பேண்டேஜ் நெய்கிற தறிகள், துடைக்கத் துணிக்கா பஞ்சம்? பெல்ட், சக்கரம், நாடாவை அழுத்துகிற ரப்பர் உருளை என்று நான் விளக்குப் பிடிக்க ஒவ்வொன்றாகத் துடைத்தார். மாட்டி ஓட்டினோம். எருமை போய் ஆள் வந்தாயிற்று, ஆனால் இன்னும் கொஞ்சம் மந்தம். மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஒரு திருகு. அதைத் திருப்பினால் வேகம் கூடியது, குறைந்தது.

"எதுட்டி சரியான வேகம்? எப்படித் தெரியும்?"

நான் பெட்டியிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து வந்தேன். சின்ன வயசில் என்னைப் பாட வைத்துப் பதிய அப்பா பட்ட பாடு அதில் இருக்கிறது. பாட்டு கிடையாது, பேரம்தான்.

"பாடு தாயி, பால்கோவா வாங்கித் தாரேன்."

"எம்புட்டு?"

"நூறு கிராம்."

"மாட்டேன்."

அவர் திருப்புளியால் துளித் துளியாகத் திருக, நான் காதைக் கொடுத்தேன். இப்போது சித்தப்பா மாதிரி இருக்கிறது. இப்போது அப்பாவுக்குச் சளி பிடித்த மாதிரி. கொஞ்சம் கூட்டுங்கள். கொஞ்சம். கொஞ்சம். "பாடு தாயி" என்று அப்பாவே கூப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற வீட்டுக்காக இப்படியா அழுவேன் என்று வெட்கமாகவும் இருந்தது. இவர் பயந்துபோய்த் திருப்புளியைக் கீழே வைத்து, "என்னத்தையும் ஒடச்சிட்டனா?" என்றார்.

அப்பா கரும்பும் பானையும் அரிசியுமாக வந்து இறங்கினார். நான் நினைத்தபடியே, என்னை விசாரித்துவிட்டு, தண்ணீர் குடித்த கையோடு, "டேப்பு பாடுதா மாப்ளே?" என்றார். இவர் போட்டார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அட, நல்லாப் பாடுதே!" என்றார். அந்த ஆச்சரியம் எனக்கு இடித்தது.

மாமாவுக்குக் குடிக்கக் கலர் வாங்க இவர் கடைக்குப் போனதும், அப்பா அடுப்படிக்கு வந்து மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புது ரப்பர் பெல்ட்.

"மதுரையில வாங்குனேன். கல்யாணத்துக்கு முந்தியே பழசு தொய்ஞ்சு போச்சு தாயி. வெந்நீர்ல போட்டு எடுத்தா கொஞ்ச நாளைக்கிச் சுருங்கி நிக்கும்னாவ. அப்படியே மாட்டிக் குடுத்துட்டேன். எப்பம் இழுக்குமோ, மாப்ள என்ன நெனைப்பாரோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. மெதுவா மாத்திரு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டு கலர் பாட்டிலோடு உள்ளே வந்த இவர், அப்பா கை கழுவப் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து என் காதோரம் குனிந்தார்.

"எண்ணெய் விட்ட கதையச் சொல்லிராத. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஊர் மாறி வந்துவிட்டோம் என்று உள்ளே இருந்த கலக்கம் அன்றோடு போயிற்று. பெல்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.