முதல் வரி போதும்க்கா

அக்கா முதல் வரியைப் பாடி மூச்சு இழுப்பதற்குள் தம்பி கண்ணாடிக்காரரின் விரல் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடும். “போதும்க்கா. குரல் எப்படி விழுதுன்னு பாக்க முதல் வரி போதும்” என்பார். உடனே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அதற்கப்புறம் வீடே தீப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகப் பகல் முழுக்க அவர் வாயில் ஒரே கேள்விதான். “இது தெளிவா இருக்கா, இதுவா? ஒண்ணா, ரெண்டா?” கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போடுவார். நாற்காலியில் இருப்பவர் சலித்துப்போய், “ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது” என்று சொல்லும்வரை விடமாட்டார். அந்த வார்த்தை வந்ததும் சீட்டில் எண்ணை எழுதி, வில்லைப் பெட்டியை மூடிவிடுவார். “இதுக்கு மேல தேடினா தலைவலிதான் மிஞ்சும்” என்று சிரிப்பார்.

கடையில் இருக்கும் இந்த ஞானம், வீட்டுப் பின்னறைக்குள் மட்டும் அவரோடு வருவதில்லை.

பின்னறைதான் ஸ்டுடியோ. எதிரொலி வராமலிருக்கச் சுவரோரம் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருக்கிறார். துணி அலமாரி திறந்தே கிடக்கும். அதைப் பார்த்து நின்றுதான் பாட வேண்டும், துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். “ஒரு வருஷமா இவன் சட்டைங்களுக்குத்தான் பாடிட்டிருக்கேன். ஒண்ணுகூடக் கை தட்டல” என்பார் அக்கா.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சிக்னலில் நிற்கும்போதும், மணி அடிக்கக் காத்திருக்கும்போதும் அவராகவே கட்டிய பாட்டுகள் பதினேழு. எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது. எல்லாவற்றையும் பதிந்து தருவதாகச் சொல்லித்தான் தம்பி மைக் வாங்கினார், ஹெட்போன் வாங்கினார். எந்த மென்பொருளில் பதிவது என்ற இடத்தில் வண்டி நின்றுபோயிற்று.

ஒவ்வொன்றையும் முப்பது நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். இருபத்தொன்பதாம் நாள் கண்ணாடிக்காரர் இன்னொன்றைப் பதிவிறக்கிவிடுவார். குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. ‘நீலம்’ நல்லதுதான், எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. ‘விமான’த்தில் இருக்கிற பொத்தான்களைப் பார்த்தால் தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டும் போலிருக்கிறது. ‘சோம்பேறி’, பாடியதைக் கால் விநாடி கழித்துத்தான் காதுக்குக் கொடுக்கிறது. ‘குழந்தை’யில் ஒரு குறையும் தென்படவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல். “இவ்வளவு சுலபமா இருந்தா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கும்.” இப்படிப் பதினோரு மென்பொருள்கள். பதினொன்றிலும் இருப்பது அக்காவின் அதே ஒற்றை வரி: ‘ஏறிக்கோ கண்ணு, ஜன்னலோரம் உனக்கு.’

போன மாதம் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தாயிற்று. “பேச்சுக்குப் பயமில்ல. பாட்டுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து என்ன செய்தார்? பன்னிரண்டாவதைப் பதிவிறக்கினார். அந்த வாரமே பதின்மூன்றாவதையும்.

“இதுதான் கடைசின்னு ஆயிட்டா, மட்டமா பதிஞ்சு வச்சேன்னு இருக்கக்கூடாதுல்ல” என்று மனைவியிடம் சொன்னார். மனிதருக்குப் பயம், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா வேனை நிறுத்திவிட்டு நேரே பின்னறைக்கு வந்தார். அலமாரியைப் பார்த்து நின்று பாடினார். முதல் வரி முடிந்தது, விரல் அழுத்தியது. கண்ணாடிக்காரர் மென்பொருளை மாற்றி மறுபடி பாடச் சொன்னார். மறுபடி அதே வரி, அதே விரல்.

அக்கா திரும்பினார். “டேய், ஒரு வருஷமா பாடறேனே. இந்தப் பாட்டுல ரெண்டாவது வரி என்னன்னு சொல்லு பாப்போம்.”

கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரிவதற்கு?

சமாளிக்க வழியில்லாமல் ஹெட்போனைக் கழற்றி அக்காவுக்கு மாட்டிவிட்டார். இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றி ஓட்டினார். “நீயே சொல்லுக்கா. ஒண்ணா, ரெண்டா?”

அக்கா அவசரப்படாமல் கேட்டார். “ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு” என்று ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தார். “ரெண்டுலயும் நான்தானே இருக்கேன்.”

கண்ணாடிக்காரர் குறிப்பேட்டை மூடி, மேசை இழுப்பறைக்குள் போட்டார். திரையில் எந்த மென்பொருள் திறந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“முழுசா பாடுக்கா. பதினேழையும்.”

“சட்டைங்களுக்கா, உனக்கா?”

“எனக்கு.”

மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அலமாரிக்கு முதுகு காட்டி நின்றார் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ‘ஏறிக்கோ கண்ணு, ஜன்னலோரம் உனக்கு.’ வரி முடிந்ததும் கண்ணாடிக்காரரின் விரல் தானாகவே பொத்தானை நோக்கிப் போயிற்று. வெடுக்கென்று கையை இழுத்துத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.