அடைத்த புகைக்கூண்டு

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் எனக்குச் சமையல் வேலை. சமையலறையில் சுடுதண்ணீருக்குக் கேஸ் ஹீட்டர் வந்துவிட்டதால், பழைய விறகு பாய்லரைக் கழற்றிய கொத்துவேலைக்கார மேசன் பாஸ், புகைக்கூண்டையும் சிமெந்தால் அடைத்தார்.

"கேஸ் ஹீட்டர் பொகையும் அதுலதானே போவுது, பாஸ்?" என்றேன்.

"கேஸுக்கு ஏது பொகை? நீங்க சோத்தப் பாருங்கண்ணே" என்று சிரித்தார். நானும் சோற்றைப் பார்க்கப் போய்விட்டேன். அது என் தப்பு.

மறுநாள் குளிருக்குக் கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுப் பாத்திரம் கழுவிய என் மனைவி, "என்னங்க, தல சுத்துது" என்று சரிந்தாள். நான் வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். கண்ணுக்குத் தெரியாத நச்சுப்புகை அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

"அதான் ஒன்னும் ஆவலையே" என்கிறார் பாஸ். செத்திருந்தால்தான் ஏதோ ஆனது என்பாரா?

ஹீட்டருக்குத் தனிப் புகைக்குழாய் போடவைத்தேன். இப்போது பற்றவைத்ததும் குழாயடியில் ஊதுபத்தி பிடிக்கிறேன். குழாய் அந்தப் புகையை மேலே இழுக்காவிட்டால் ஹீட்டரை அணைத்துவிடுவேன். துரையே ஆனாலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கட்டும்.